அந்த நோட்டை நீங்கள் திறக்காதீர்கள்!

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள். ஜெர்மனிக்காரர், பிரான்ஸ்காரர், பெங்களூரில் பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த நம்மூர்க்காரர் என்று ஒருவர் பின் ஒருவராக ரமணாசிரமத்துக்குள் போவார்கள். பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். இது இன்று நேற்று நடப்பதில்லை. பால் பிரண்டன் 1934-ல் வெளியிட்ட புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆங்கில நாவலாசிரியர் ஸாமர்செட் மாம் 1938-ல் வந்து போனார். எல்லோரும் கடல் தாண்டி வந்தது ஒரே ஒரு கேள்விக்காக. 'நான் யார்?'

அதே ரோட்டில், அதே நேரத்தில், முதுகில் பத்து கிலோ பையோடு ட்யூஷன் முடித்து ஸ்கூலுக்கு ஓடுகிற பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறதே, அது வீட்டில் இதே கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும்? "அம்மா, எனக்கு என்னதான் பிடிக்கும்னே தெரியலை. எல்லாரும் என்னென்னமோ ஆகணும்கிறாங்க. நான் என்னன்னே எனக்குப் புரியலை..."

"முதல்ல பிசிக்ஸ் யூனிட் டெஸ்ட்டுக்குப் படி. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்!"

அப்புறம் என்றால் எப்போது? நாற்பது வயசில், வேலையும் வெறுத்து, பிளட் பிரஷருக்கு மாத்திரையும் ஆரம்பித்த பிறகா?

திருவண்ணாமலை மட்டுமல்ல, தாம்பரத்திலும் தஞ்சாவூரிலும் நம் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் இதுதான் நடக்கிறது. இந்தக் கேள்வி பெரியவர்களுடையது, சாமியார்களுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. இது டீன் ஏஜ் பிள்ளைகளின் கேள்வி. அந்த வயதில் வருகிற முகப்பரு மாதிரி, குரல் உடைவது மாதிரி இதுவும் வந்தே தீரும். நாம் தடுத்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

சந்தேகமிருந்தால் அந்த ஆசிரமத்துக்குக் காரணமானவரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்தர்கள் ஆயிரம் தடவை கேட்ட கதை. நான் இங்கே அதை ஆன்மிகமாகச் சொல்லப் போவதில்லை. ஒரு வீட்டில் ஒரு பதினாறு வயதுப் பையன் இருந்த கதையாகச் சொல்கிறேன்.

வேங்கடராமன் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ல் பிறந்தார். 1892-ல் அப்பா காலமாகிவிட்டார். அண்ணனும் இவரும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூலில் படிப்பு. படிப்பில் சுமார்தான், கால்பந்தும் நீச்சலும் என்றால் உற்சாகம். நம் தெருவில் நாம் தினமும் பார்க்கிற பையன்தான்!

1896 ஜூலை மத்தியில் ஒரு நாள். மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். உடம்பில் எந்த நோயும் இல்லை. திடீரென்று 'சாகப் போகிறேன்' என்று ஒரு பயம் பிடித்துக்கொள்கிறது. யாரையும் கூப்பிடவில்லை. என்ன செய்தார் தெரியுமா? அந்தச் சாவை நடித்துப் பார்த்தார். கைகால்களை விறைப்பாக நீட்டிப் படுத்தார். மூச்சை அடக்கினார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். 'சரி, இந்த உடம்பு செத்துவிட்டது. இதோடு நான் செத்துவிட்டேனா? அப்படியானால் நான் என்பது யார்?' என்று உள்ளே கேட்டுக்கொண்டார். பின்னாளில் அவரே சொன்ன விவரங்கள் இவை.

இதற்குப் பிறகு ஆறு வாரம் அவர் அந்த வீட்டில்தான் இருந்தார். விளையாட்டு நின்றது. சாப்பாட்டில் ருசி பார்ப்பது நின்றது. யார் எது சொன்னாலும் எதிர்த்துப் பேசுவது நின்றது. தினமும் மீனாட்சி கோயிலுக்குப் போய்த் தனியாக நிற்பார். அண்ணன் 'ஞானி', 'யோகி' என்று கேலி செய்தாராம். வீட்டுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பையன் முன்னே மாதிரிப் படிப்பதில்லை!

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று ஸ்கூலில் இம்போசிஷன். மூன்று தடவை எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதியாயிற்று. மூன்றாவது தடவையில் நோட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு எரிச்சல். இப்படி இருக்கிறவனுக்கு இந்தப் படிப்பும் வீடும் எதற்கு என்கிற பாணியில் ஒரு வார்த்தை விட்டார். அண்ணனைக் குறை சொல்ல முடியாது. நம் வீடுகளில் வாரம் நாலு தடவை சொல்கிற வார்த்தைதான் அது.

அன்றைக்கே கிளம்பிவிட்டார். அண்ணனுடைய காலேஜ் ஃபீஸுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்ன 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைச் சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டை மனநல மருத்துவம் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 'நான்' என்று ஆரம்பிக்கிறது. இரண்டாவது வாக்கியத்திலேயே 'நான்' போய் 'இது' என்று ஆகிறது. கடைசியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெயரே இல்லை, வெறும் கோடு. நாலைந்து வரிக்குள் ஒரு பையன் தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டான்! செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். அம்மா அழகம்மாள் மகன் முகத்தைப் பார்க்க 2 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1898 டிசம்பரில் வந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போனார்.

இதைப் படித்துவிட்டு, 'அப்போ எங்க பையனும் வீட்டை விட்டுப் போகணுமா?' என்று கேட்காதீர்கள். அவர் கோடியில் ஒருவர். அவரே பிற்காலத்தில், வீட்டை விட்டு வரட்டுமா என்று கேட்டவர்களுக்கு, இருக்கிற இடத்திலேயே இருந்து தேடு என்றுதான் சொல்லிவந்தார். நான் சொல்லவந்தது வேறு. ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குள் இவ்வளவு பெரிய விஷயம் நடந்துகொண்டிருக்கும்போது, ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டுத் தூங்கிய யாருக்கும் அது தெரியவில்லை. அது 1896. சரி, இன்றைக்கு நமக்குத் தெரிகிறதா?

பன்னிரண்டு வயதில் எழுதிக் கொடுத்த முகவரி

அமெரிக்காவில் எரிக் எரிக்சன் என்று ஒரு மனோதத்துவ நிபுணர் இருந்தார். 1950-ல் எழுதிய புத்தகத்தில், மனுஷனுக்கு ஒவ்வொரு வயதிலும் ஒரு வேலை இருக்கிறது, டீன் ஏஜின் வேலை 'நான் இன்னார்' என்று கண்டுபிடிப்பது என்றார். அதைச் செய்யவிடாமல் போனால் குழப்பம் வரும் என்றார். ஜேம்ஸ் மார்சியா என்கிறவர் 1966-ல் இதை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்த்தார். தேடிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தவர்கள் ஒரு வகை. இன்னும் தேடிக்கொண்டே இருப்பவர்கள் ஒரு வகை. தேடவும் இல்லை, முடிவும் இல்லை என்று இருப்பவர்கள் ஒரு வகை. நாலாவதாக ஒரு வகை சொன்னார் பாருங்கள், அது நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதினது மாதிரி இருக்கிறது. தேடிப் பார்க்காமலே, அப்பா அம்மா சொன்னதை அப்படியே வாங்கி ஒட்டிக்கொண்டவர்கள்!

ஏழாம் கிளாஸ் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்களேன். "என்னம்மா ஆகப் போறே?" "டாக்டர், அங்கிள்." டக்கென்று பதில் வரும். நமக்குப் பெருமை. 'எவ்வளவு தெளிவா இருக்கு பாரு குழந்தை!' அது தெளிவு இல்லை ஸார், மனப்பாடம். நாம் எழுதிக் கொடுத்த முகவரியை அது ஒப்பிக்கிறது. பிளஸ் டூவில் மார்க் குறைந்தாலோ, நீட்டில் இடம் கிடைக்காமல் போனாலோ, அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை மட்டுமா போகிறது? 'நான்' என்று வைத்திருந்த ஒரே ஒரு பதிலும் சேர்ந்து போய்விடுகிறது. கையில் வேறு எதுவும் இல்லை. அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மார்க்கைக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. வீட்டுச் சண்டை, காதல், வறுமை, வெளியே தெரியாத மனநோய் என்று பல காரணங்கள் பின்னிக்கிடக்கும். ஆனால், 'இது போனா போகட்டும், நான் இன்னும் இருக்கேன்' என்று சொல்லிக்கொள்ள ஒரு 'நான்' உள்ளே இருந்தால், அதுவும் ஒரு பிடிமானம்தான் என்று நினைக்கிறேன்.

அந்த 'நான்' எங்கே கிடைக்கும்? அட்வைஸில் கிடைக்காது. பதினைந்து வயதுப் பிள்ளையை எதிரே உட்காரவைத்து 'உன் மனசில என்ன இருக்கு, சொல்லு' என்றால், 'ஒண்ணுமில்லை' என்றுதான் பதில் வரும். பொய் சொல்வதில்லை. நிஜமாகவே அதற்குத் தெரியாது. கையால் எதையாவது செய்யும்போதுதான் வெளியே வரும். எழுதும்போது, வரையும்போது, மண்ணைப் பிசையும்போது, வேஷம் போடும்போது.

கட்டியங்காரன் கேட்கிற கேள்வி

திருவண்ணாமலை மாவட்டத்தில் புரிசை என்று ஒரு கிராமம். தெருக்கூத்து தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே போதும். கண்ணப்ப தம்பிரானின் ஊர். அவர் 2003-ல் மறைந்த பிறகும் கூத்து அங்கே நிற்கவில்லை. கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான பாத்திரம் எடுத்தவுடனே மேடைக்கு வந்துவிடாது. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துரியோதனனோ கர்ணனோ அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து பாடுவார், ஆடுவார், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முகம் காட்டுவார். திரை விலகினதும் கட்டியங்காரன் கேட்பான், 'ஐயா, தாங்கள் யார்?' வந்தவர் தன் ஊர், பேர், பெருமையெல்லாம் சொல்லியாக வேண்டும்.

பிள்ளை வளர்ப்புப் புத்தகங்கள் எத்தனை வாங்கிப் படித்தாலும் இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. முதலில் திரை வேண்டும். திரைக்குப் பின்னால் ஆடிப் பார்க்க நேரம் வேண்டும். அப்புறம்தான் கேள்வி. நாம் திரையே இல்லாமல் பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தி வைத்துக் கேட்கிறோம்!

நாடகத்தில் இன்னொரு சௌகரியமும் உண்டு. வீட்டில் கோபப்பட முடியாத சாதுப் பிள்ளை துச்சாதனனாக வந்து கத்திவிட்டுப் போகலாம். எப்போதும் அதட்டலாகப் பேசுகிற பையன், அழுகிற அர்ச்சுனனாக நிற்கலாம். வேஷத்தைக் கலைத்த பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 'இது நான் இல்லை' என்று தெரிந்துகொள்வதும் 'நான் யார்' என்பதில் பாதி பதில் அல்லவா? ஸ்கூலில் டிராமா என்றால், 'அதெல்லாம் வேண்டாம், டயம் வேஸ்ட்' என்று பேரை வெட்டுகிற பெற்றோர் கொஞ்சம் யோசிக்கலாம்.

கைவேலையும் அப்படித்தான். திருவண்ணாமலைப் பக்கத்தில் மருதம் பண்ணைப் பள்ளியில் வருஷா வருஷம் கைவினை வாரம் என்று நடத்துகிறார்கள். கைவினைஞர்கள் வந்து உட்கார்ந்துகொள்ள, பிள்ளைகள் கூடவே உட்கார்ந்து தங்கள் கையால் செய்து பார்க்கிறார்கள். 'என் பிள்ளை குயவனாகவா போகப் போகிறான்?' என்று கேட்பவர்கள் உண்டு. போகாவிட்டால் என்ன? சக்கரத்தில் வைத்த மண் சாய்ந்துவிட்டால் அவன் எரிச்சலில் தூக்கி எறிகிறானா, மறுபடி உருட்டி வைக்கிறானா, பக்கத்தில் இருப்பவனுடையதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறானா... தன்னைப் பற்றி ஒரு மணி நேரத்தில் அவன் தெரிந்துகொள்கிற அளவுக்கு ப்ராக்ரஸ் கார்டு பத்து வருஷமானாலும் சொல்லாது.

அரசுப் பள்ளிகளில் 2022-23-லிருந்து கலைத் திருவிழா நடத்துகிறார்கள். மேடையே பார்க்காத பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். ரொம்ப நல்ல காரியம். ஆனாலும் போட்டி வேறு, நான் சொல்வது வேறு. போட்டியில் பிள்ளை ஜட்ஜைப் பார்த்து ஆடும். பரிசு உண்டு, முதல் இடம் உண்டு. பரிசே இல்லாத ஒரு கலையும் அதற்கு வேண்டும்.

நம் பாட்டிமாருக்கு அது இருந்தது. வாசலில் கோலம்! விடியற்காலை நாலரை மணிக்கு, தெருவே தூங்கும்போது, தனியாக உட்கார்ந்து தன் இஷ்டத்துக்கு இழுத்த கோடு. எட்டு மணிக்குள் சைக்கிள் ஏறி அழிந்துவிடும். யாரும் மார்க் போடவில்லை, யாரும் எடுத்து மாட்டவில்லை. மறுநாள் வேறு கோலம். (இதைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தது யார் என்று தெரியவில்லை. பையன்கள் புள்ளி வைத்தால் புள்ளி கோபித்துக்கொள்ளுமா?)

மலையைச் சுற்றுகிற ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். போகப் போக மலையின் உருவம் மாறிக்கொண்டே வரும். கோயில் பக்கம் பார்த்த மலையா இது என்று பின்பக்கம் நின்றால் சந்தேகம் வந்துவிடும். பௌர்ணமிக் கூட்டத்தில் வேண்டாம், கூட்டமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையையும் ஒரு நோட்டையும் பென்சிலையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்து இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஐந்து படம். எது நிஜ மலை என்று வீட்டுக்கு வந்து அவனே கேட்டுக்கொள்ளட்டும். வேறு ஊர்க்காரர்கள் உங்கள் ஊர்க் குளத்தையோ கோபுரத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து படத்தில் ஒன்றையாவது நீங்கள் திருத்திக் கொடுத்தீர்களானால் காரியம் கெட்டது!

பூட்டுப் போட்ட நோட்டு

எல்லாவற்றையும்விடச் செலவு குறைந்தது ஒரு நோட்டு. ஆன் ஃபிராங்க் என்ற யூதப் பெண்ணுக்கு 1942 ஜூன் 12-ல் பதின்மூன்றாவது பிறந்தநாள். பரிசாக ஒரு டயரி கிடைத்தது. ஒரு மாதத்துக்குள் குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று. இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடவோ கத்தவோ ஜன்னலைத் திறக்கவோ முடியாத இடம். அந்த டயரிக்குள் கிட்டி என்று ஒரு தோழியைக் கற்பனை பண்ணிக்கொண்டு அவளுக்குக் கடிதம் கடிதமாக எழுதினாள். நாஜிகளைப் பற்றி மட்டுமா எழுதினாள்? அம்மாவோடு சண்டை, தன் உடம்பில் வந்த மாற்றங்கள், வெளியே தெரிகிற ஆன் வேறு, உள்ளே இருக்கிற ஆன் வேறு என்ற தவிப்பு... எல்லா வீட்டுப் பெண்களும் எழுதுவதைத்தான் எழுதினாள்.

எழுதினால் உடம்புக்கு நல்லதா என்றுகூட ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பென்னிபேக்கரும் பீலும் காலேஜ் மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிஷம் எழுதச் சொன்னார்கள். ஒரு கோஷ்டி மனசை அழுத்துகிற விஷயங்களை உணர்ச்சியோடு எழுதியது. இன்னொரு கோஷ்டி சாதாரண விஷயங்களை எழுதியது. 1986-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? மனசைத் திறந்து எழுதியவர்களுக்கு அப்போதைக்குக் கொஞ்சம் கனமாக இருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைவு! பின்னால் நடந்த ஏகப்பட்ட ஆராய்ச்சிகளில் பலன் இருக்கிறது, ஆனால் சின்ன அளவில்தான் என்று தெரிந்தது. ஆகவே இதை சர்வரோக நிவாரணியாக நான் விற்கவில்லை. நோட்டு ஒரு ஜன்னல். காற்று வரும், அவ்வளவுதான்.

என்ன எழுதுவது என்று பிள்ளை முழிக்கலாம். 'இன்று காலை எழுந்தேன், பல் தேய்த்தேன்' என்று ஆரம்பித்து மூன்றாம் நாள் நிறுத்திவிடும். நீங்கள் ஒன்றிரண்டு கேள்வியை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இந்த வாரம் எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை? யாரைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது? (பொறாமை மகா உபயோகமான உணர்ச்சி. நாம் எதற்கு ஏங்குகிறோம் என்று அதுதான் உண்மையைச் சொல்லும்.) எந்த இடத்தில் சிரிப்பு வராமல் சிரித்தாய்? இவ்வளவு போதும். எழுதப் பிடிக்காத பிள்ளை படம் போடட்டும், பாட்டு எழுதட்டும், தாத்தாவிடம் பழைய கதையைக் கேட்டு செல்போனில் பதிவு பண்ணட்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த நோட்டை நீங்கள் படிக்கக் கூடாது.

"என்னங்க இது, என் பிள்ளை, என் வீடு, நான் காசு போட்டு வாங்கின நோட்டு!" என்று உங்களுக்குக் கோபம் வரும். நம் வீடுகளில் 'எனக்குத் தனியா' என்கிற பேச்சே கிடையாது. பீரோ பொது, சீப்பு பொது, சோப்பு பொது. பிள்ளைக்கென்று ஒரு ரகசியம் இருந்தால் அது தப்பாகத்தான் இருக்கும் என்று ஒரு பயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அம்மா படிப்பாள் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து அந்த நோட்டில் இருப்பது அம்மாவுக்காக எழுதினது. அப்பா காலனி வாட்ஸப் குரூப்பில் போடுவார் என்று தெரிந்தால் அந்தப் படம் குரூப்புக்காகப் போட்ட படம். உங்கள் பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போய், அவன் தன்னைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே இடத்தையும் நீங்கள் எடுத்துக்கொண்டதாகிவிடும். அவன் இனி எழுத மாட்டான். அல்லது நீங்கள் படிக்கிற மாதிரி எழுதுவான். இரண்டாவது இன்னும் மோசம்.

சரி, உள்ளே ஏதாவது விபரீதமாக எழுதியிருந்தால்? நியாயமான பயம். இதில் மழுப்பக் கூடாது. நோட்டைப் பார்க்க வேண்டாம் என்றேனே தவிர, பிள்ளையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கம் கெட்டுப் போகிறது, சாப்பாடு குறைகிறது, பிடித்த விளையாட்டை விட்டுவிட்டது, சிநேகிதர்களைத் தவிர்க்கிறது, எதற்கும் பதில் இல்லை, ஆசையாக வைத்திருந்த சாமான்களை யாருக்கோ கொடுக்கிறது, 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி' என்கிறது... இரண்டு வாரம் இப்படிப் போனால் டாக்டரைப் பாருங்கள். 'நான் இல்லாட்டி' என்ற பேச்சு வந்துவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம். மதுரை மாடி அறைப் பையனிடமும் இவற்றில் சில இருந்தன. அவர் மகரிஷி ஆனார். ஆனால் இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இப்படி இருந்தால், 'ஞானம் வருகிறது' என்று சும்மா இருக்காதீர்கள், 'சோம்பேறித்தனம்' என்றும் திட்டாதீர்கள். மனநலப் பிரச்னைகளில் பாதி 18 வயதுக்கு முன்னாலேயே தலைகாட்டுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நேராகவே கேளுங்கள். "செத்துடலாம்னு தோணுதாடா கண்ணா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே புகுத்தியதாகிவிடும் என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டதில் பாரம் இறங்கினவர்கள்தான் அதிகம். கேட்டுவிட்டுக் கூடவே இருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் 2022-லிருந்து இருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும், இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் போன் பண்ணலாம். உயிருக்கு ஆபத்து என்று உங்களுக்கு நிஜமாகப் பட்டால், அன்றைக்கு நோட்டைத் திறக்கலாம். திறந்ததை மறைக்காமல், "பயந்துட்டேன், அதனாலதான் பார்த்தேன்" என்று பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள். மற்ற நாளெல்லாம் அது பிள்ளையின் சொத்து.

இன்னொரு ஆட்சேபணையும் காதில் விழுகிறது. "பிளஸ் டூ வருஷம்! இதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்?" தினமும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். கோச்சிங் கிளாஸ் போகவரத் தெருவில் நிற்கிற நேரத்தைவிடக் குறைவு. ஒரே ஒரு நிபந்தனை, அந்த இரண்டு மணி நேரத்துக்கு எந்தப் பிரயோஜனமும் இருக்கக் கூடாது. நமக்கு இதுதான் கஷ்டம். பிள்ளை நாலு கோடு போட்டால் டிராயிங் கிளாஸில் சேர்க்கிறோம். வாய் திறந்து பாடினால் சூப்பர் சிங்கர் வரைக்கும் கணக்குப் போடுகிறோம். நன்றாக வருகிறதா, இல்லையா என்று பார்க்காமல் ஒரு காரியத்தைச் செய்ய நம் பிள்ளைகளுக்கு அனுமதியே கிடையாது. அனுமதி கொடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் செல்போனைத்தான் பார்க்கும். மூன்றாவது வாரத்தில் போரடித்துப்போய் எதையாவது கையில் எடுக்கும். அந்த போரடிப்பை நடுவில் புகுந்து தீர்த்துவைக்காதீர்கள்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று. நீங்களும் ஏதாவது செய்யுங்களேன். ஸ்கூலில் புல்லாங்குழல் ஊதினேன், கவிதை எழுதினேன் என்று கல்யாண வீட்டில் சொல்கிறீர்களே, அதை எடுத்து ஒரு நாள் ஊதுங்கள். மோசமாக வந்தாலும் பரவாயில்லை. அப்பா தப்புத்தப்பாக ஊதிக்கொண்டு சந்தோஷமாக இருப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

என்றைக்காவது ஒரு நாள், நீங்கள் கேட்காமலே, பிள்ளை அந்த நோட்டில் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து காட்டும். அன்றைக்கு 'ஆஹா, பிரமாதம்!' என்று கூவாதீர்கள். ஸ்பெல்லிங் மிஸ்டேக் பார்க்காதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள், பெரியம்மாவுக்கு அனுப்பாதீர்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள். "இந்த இடத்தில மட்டும் ஏன் கறுப்பா அடிச்சிருக்கே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருங்கள். சொல்லாமல் நோட்டை மூடிக்கொண்டு போனாலும் சரி, பின்னாலேயே போகாதீர்கள்.